டொரினோவின் இமைகள்

ஒரு நாள் முழுக்க நின்ற வண்டி கண்ணைத் திறந்திருக்கும் என்று வண்டியின் ரிப்பேர் புத்தகம் சொன்னது. மார்லா சபோவின் கராஜில் எட்டு வாரமாக நிற்கும் டொரினோவின் கண்கள் இறுக மூடியிருந்தன.

எழுபதாம் ஆண்டு வண்டி. ஒஹையோவில் அவள் கணவர் எமில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த அதே தொழிற்சாலையில் செய்தது. "இதுல ஏதோ ஒரு நட்டு நான் முடுக்கினது" என்று சொல்லித்தான் மூன்று வருடம் முன்பு வாங்கினார். நீண்ட பச்சை மூக்கு. முகப்பில் விளக்குகள் தெரியாது. இரண்டு கறுப்பு மூடிகள் அவற்றை மறைத்திருக்கும். எமில் அவற்றை இமைகள் என்பார்.

அந்த இமைகளை அசைப்பது மின்சாரமல்ல, இழுப்பு. ஓடும் என்ஜின் காற்றை ஓயாமல் உறிஞ்சுகிறது. ஸ்ட்ராவின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளுமே, அதே சமாசாரம்தான். அந்த இழுப்பில் கொஞ்சத்தை ரப்பர் குழாய் வழியாக ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்து, அதைக் கொண்டு இமைகளைக் கீழே பிடித்துவைக்கிறார்கள். ஸ்பிரிங்குகள் எப்போதும் திறக்கப் பார்க்கும். வழியில் குழாய் அறுந்தாலும் ஓட்டுகிறவர் இருட்டில் தவிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. என்ஜினை நிறுத்திவிட்டால், ஐம்பது வருட ரப்பரில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும். மறுநாள் காலைக்குள் வலது கண் முதலில் திறக்கும், பிறகு இடது கண். "எந்திரிச்சுட்டான்" என்று எமில் காப்பிக் கோப்பையோடு வந்து சொல்வார்.

ஆகவே மூடிய கண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். நேற்றைக்குப் பிறகு யாரோ என்ஜினை ஓட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பரில் ஒரு காலை ஒன்பது மணி வாக்கில், டோனட் வாங்கக் கிளம்பிய எமிலுக்கு ஏரிச் சாலையில் வலிப்பு வந்தது. ரயில்வே கேட் வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான். வண்டி மட்டும் சாலையோரத்தில் ஒழுங்காக நின்றிருந்தது. என்ஜின் அணைத்து, பிரேக் போட்டு, சாவி டாஷ்போர்டின் மேல். "ரொம்ப அழகா ஓரங்கட்டியிருக்கார்" என்றார் வந்த போலீஸ்காரர். ஆறு மாதம் எதையும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மார்லா சமையலறைக்குத் திரும்பி முட்டையைத் தட்டில் தள்ளினாள்.

"எத்தனை மணிக்கு எடுத்துட்டுப் போன?"

"எதை?"

"டொரினோவை."

எமில் முட்கரண்டியை வைத்தார். "நான் அந்தக் கராஜ் பக்கமே போகல."

"கண்ணு மூடியிருக்கு எமில். நீதானே புத்தகத்தைக் குடுத்த, படிடின்னு."

"பொழுது போகட்டும்னு குடுத்தேன். துப்பறியறதுக்கா குடுத்தேன்?"

"பள்ளிக்கூட பஸ் போற ரோடு அது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அழுதுட்டுப் போயிடுவேன். ஒரு பிள்ளைக்கு ஆச்சுன்னா?" அவள் குரல் உயரவில்லை. "இன்னொரு தடவை நீ ஓட்டினன்னு தெரிஞ்சா, நான் டோலிடோவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். ஓட்டினதுக்காக இல்ல. பொய் சொன்னதுக்காக."

நாற்பத்தாறு வருடத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. எமில் ஆறிப்போன முட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று மதியம் மார்லா பானட்டைத் திறந்து, புத்தகத்தில் படம் பார்த்து, குழாயைப் பிடுங்கினாள். உஸ்ஸென்று ஒரு மூச்சு. இரண்டு கண்களும் புரண்டு திறந்தன. குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றி, முக்கி முனகித் துணி துவைக்கும் அறைக்குத் தூக்கிப்போனாள். சாவி அவள் கைப்பையில்.

மறுநாள் காலை கண்கள் மூடியிருந்தன.

"பேட்டரி வாஷிங் மெஷின் பக்கத்துல. சாவி உன் பையில" என்றார் எமில், வாசல்படியில் நின்றபடி. "நான் என்ன, குழாய்ல வாயை வெச்சா உறிஞ்சினேன்?"

"நீ செய்யக்கூடிய ஆளுதான்" என்றாள். ஆனால் கைகளைக் கட்டிக்கொண்டாள். நவம்பர் குளிரால் மட்டுமல்ல.

உதிரிபாகக் கடையில் ஒரு மீட்டர் வாங்கிவந்தாள். உள்ளங்கை அளவு வட்டம், ஒரு முள். அதைக் குழாயின் நடுவில் பொருத்தினால் என்ஜினின் இழுப்பு எவ்வளவு என்று காட்டும். புத்தகத்தில் அதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. சமையல் குறிப்புபோல அதை மனப்பாடம் செய்தாள். பதினெட்டில் அசையாமல் நின்றால், வண்டி நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முள் விழும். முழுக்க மிதித்தால் பூஜ்யத்துக்கே போய்விடும், ஏனென்றால் காற்று வரும் வாசல் அகலத் திறந்த பிறகு இழுக்க என்ன இருக்கிறது? சீரான ஓட்டத்தில் பதினாறு. வேகத்தில் போகும்போது காலை எடுத்தால் இருபத்துநாலு வரை ஏறும். மொத்தத்தில் முள்ளைப் பார்த்தே ஓட்டுகிறவரின் பாதம் என்ன செய்கிறதென்று சொல்லிவிடலாம்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எமிலைக் கையோடு கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனாள். "இங்கேயே நில்லு. கையை நான் பாக்கிற மாதிரி வை."

"சரிங்க ஆபீசர்."

பானட் திறந்திருந்தது. என்ஜினைத் தொட்டுப் பார்த்தாள், இரும்பு ஜில்லென்றிருந்தது. பேட்டரி இருந்த இடம் காலி. ஓடும் சத்தம் எதுவும் இல்லை. முள் பூஜ்யத்தில் கிடந்தது.

ஒன்பது பத்துக்கு முள் பதினெட்டுக்கு ஏறி நின்றது. முகப்பில் திறந்திருந்த கண்கள் மூடிக்கொண்டன.

எமில் ஒரு அடி பின்னால் போனார். மார்லா போகவில்லை. முள் மெல்ல விழுந்தது, எழுந்தது, பதினாறில் ஓடியது. பிறகு இருபத்திரண்டு. மறுபடி பதினெட்டில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"எங்கேயோ நிக்குது" என்றாள்.

"ரயில்வே கேட்" என்றார் எமில். "அன்னிக்கு சரக்கு ரயில் போச்சு. ரொம்ப நீளம்."

முள் விழுந்து ஒன்பதில் தடுமாறியது. "பாலத்து ஏத்தம்" என்றாள் மார்லா. பிறகு பதினாறு, சீராக, நெடுநேரம். ஏரிச் சாலை. கேட்டைத் தாண்டியபின் எமிலுக்குத் தெரிந்தது எதுவுமில்லை.

சட்டென்று முள் பூஜ்யத்தில் விழுந்தது. அங்கேயே கிடந்தது.

"கால் விறைச்சுப்போச்சு" என்று மார்லா முணுமுணுத்தாள். "முழுக்க மிதிச்சிருக்க." தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். ஆறு, ஏழு, எட்டு.

ஒன்பது என்று எண்ணும்போது முள் எழுந்தது. துள்ளி அல்ல. தூங்குகிற பிள்ளையின் காலை ஒருவர் கையால் தூக்கி நகர்த்தி வைப்பதுபோல, மெதுவாக, இருபத்துநாலு வரை. அங்கிருந்து இறங்கிப் பதினெட்டு. வண்டி நின்றுவிட்டது.

"அன்னிக்கு உன்கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல மார்லா. தனியாத்தான் போனேன்."

முள் பூஜ்யத்துக்கு வந்தது. சாவியைத் திருப்பி அணைத்தாயிற்று.

வெளியே ஒரு வண்டி கடந்துபோனது. மார்லா எமிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய கையைவிடச் சூடாக இருந்தது.

"நீ பொய் சொல்லல" என்றாள். "நான் டோலிடோ போகல."

"பொய் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் எமில்.

கசிந்து திறக்க எப்போதும் ஒரு இரவாவது பிடிக்கும். அன்று அவர்கள் பார்க்கப் பார்க்க, வலது கண் முதலில், பிறகு இடது கண், மெல்லத் திறந்தன.