கால் எட்டாத டாங்கி

மார்ச் மாதம் பதினான்காம் தேதியன்று, எங்கள் இராணுவப் பட்டறைக்கு வந்த கடிதமொன்றில், ஓர் அயல்நாட்டு நிறுவனம் டாங்கி ஓட்டுநர்களுக்கு 'உயரக் குறைபாடு' இருப்பதாக எழுதியிருந்தது. என் மகள் அவ்வோட்டுநர்களுள் ஒருத்தி. அவளுக்கு எந்தக் குறைபாடும் இல்லை. குறைபாடு, அவர்கள் விற்ற நாற்பது டாங்கிகளின் இருக்கையில் இருந்தது.

நாடு வளர்கிறது, படையும் புதுமை பெறவேண்டும் என்று அவற்றை வாங்கினார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. பழைய டாங்கிகள் என்னைவிட அதிகமாக இருமின. ஆனால், வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க யாரை அனுப்பினார்கள் தெரியுமா? அயலார் முன் மிடுக்காகத் தெரியவேண்டுமென்று, படையிலேயே நெடியவனான, 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர் பெற்ற ஓட்டுநரை அனுப்பினார்கள். அவனுக்கு எல்லாம் கச்சிதமாக எட்டியது. கையெழுத்தும் ஆகிவிட்டது. டாங்கிகள் வந்திறங்கிய பின் மற்றவர்கள் அமர்ந்து பார்த்தால், கால்கள் பெடலைத் தேடி அந்தரத்தில் துழாவின.

பதினோர் ஆண்டுகள் பழைய டாங்கி ஓட்டிய என் மகளுக்குத்தான், முதல் டாங்கியை அமைச்சர் முன்னிலையில் ஓட்டும் வாய்ப்பு வாக்களிக்கப்பட்டிருந்தது. பத்து நாளுக்குள் கால் எட்டாவிட்டால் அது ஒட்டகத்துக்குப் போகும் என்று மேலதிகாரி கூறிவிட்டார். பெடல்மேல் ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்து உயர்த்தினால் போதும். ஆனால் ஒரு திருகைத் தொட்டாலும் வாரண்டி செல்லாது என்பது ஒப்பந்தம்.

நான் கண்டனம் எழுத வெள்ளைத்தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, அதன்மேல் காலை வைத்து, தன் கணவரிடம் அளவெடுக்கச் சொன்னாள்.

"வண்டியைத் தொடக்கூடாதுன்னுதானே எழுதியிருக்காங்க? என் காலைத் தொடக்கூடாதுன்னு எழுதலையே."

மாப்பிள்ளை காலணிப் பட்டறை நடத்துபவர். பழைய லாரி டயரை அறுத்து, அவளுடைய பூட்ஸின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஒட்டித் தைத்தார். அதை மாட்டிக்கொண்டு எழுந்தவள், முதன்முறையாக அவரை மேலிருந்து பார்த்தாள்.

"உச்சியில வழுக்கை விழுதே, யாரும் சொல்லலையா?"

"முதல்ல அதைக் கழட்டு," என்றார் மாப்பிள்ளை.

விழா நாளில் டாங்கி புழுதி கிளப்பி வந்தது. நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்றுச் சுற்றிச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் அசையாமல் நின்றது. விற்றவர்களின் பொறியாளர் டார்ச் விளக்குடன் உள்ளே புகுந்து ஒவ்வொரு திருகாகச் சோதித்தார். திருகுகள்மேல் அவர்கள் இட்டிருந்த எல்லா முத்திரைகளும் அப்படியே இருந்தன. வெளியே வந்தவரின் பார்வை என் மகளின் கால்மேல் விழுந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவன் ஒட்டகம்தான். "நல்லவேளைக்கா, அமைச்சரைப் பாத்தாலே எனக்குக் கால் நடுங்கும்," என்று அவளிடம் சொன்னானாம். அன்று மாலையே எல்லா ஓட்டுநர்களின் காலளவும் மாப்பிள்ளையின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

வாசகரே, நாளை உங்களையும் ஏதேனும் ஒரு கொள்முதல் குழுவில் அமர்த்தக்கூடும். வாங்குவது பேருந்தோ, பள்ளிப் பெஞ்சோ, போர் விமானமோ, எதுவாயினும் ஆகுக. உங்களுள் மிகக் குள்ளமானவரை முதலில் ஏற்றி உட்காரவையுங்கள். எட்டுகிறதா என்று கேளுங்கள். அவர் ஆம் என்னும்வரை பேனாவைத் திறவாதீர்கள்.