பள்ளத்தாக்கில் விட்டுவந்த மான்

குஞ்சித்தம்பி பன்றி குத்திய கதையை ரொறன்ரோவின் மல்வேர்னில் கேட்காதவர்கள் குறைவு. பிறந்தநாள் வீடோ சாமத்திய வீடோ, பேஸ்மென்ரில் ஆண்கள் கிளாசும் கையுமாகக் கூடிவிட்டால் யாராவது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். அவர் தொடங்கிவிடுவார். ஊரில், வாகரைக் காட்டில் நாய்கள் பன்றியை மடக்கி நிற்பதும், அது ஒரு மரத்தடியில் முதுகைக் கொடுத்துக்கொண்டு உறுமுவதும், ஈட்டியின் அடியைக் காலால் மிதித்து நுனியைத் தாழ்த்திப் பிடித்தபடி அவர் அசையாமல் நிற்பதும், பாய்ந்துவரும் பன்றி தன் பாரத்தாலேயே ஈட்டியில் ஏறிவிடுவதும், பிறகு இடுப்புக் கத்தியை உருவி அதன் பாட்டை முடிப்பதுமாகக் கதை போகும். நண்பர் இராசரத்தினம் எத்தனையாவது முறை கேட்டாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். கதையின் முடிவில் குஞ்சித்தம்பி எப்போதும் ஒரு வசனம் சொல்லுவார். "காயப்பட்ட சீவனக் காட்டுக்குள்ள விட்டுட்டு வாறவன் வேட்டைக்காரன் இல்ல."

அவர் கதையைத் தொடங்கினால் மனைவி நாகேஸ்வரி மேலே குசினிக்குப் போய்விடுவாள். அவளுக்கு உண்மை தெரியும். பன்றி குத்தியது குஞ்சித்தம்பி அல்ல, அவருடைய தமையன் கோணேஸ்வரன். அந்த நேரங்களிலெல்லாம் குஞ்சித்தம்பி ஏதாவதொரு மரக்கொப்பில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இருந்தார். தொண்ணூறாம் ஆண்டு ஒருநாள் காலை தமையனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். அடுத்த வருடம் கனடாவுக்கு வந்து, பார்க்டேலில் முன்பின் தெரியாத ஆட்களோடு ஓர் அறையில் முடங்கிக் கிடந்தபோது, குளிரும் தனிமையும் தாங்காமல் அந்தக் கதையை முதன்முதலாகச் சொன்னார். அன்றைக்கு அது 'நாங்கள்' என்றுதான் இருந்தது. சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் அது 'நான்' ஆனது என்று அவருக்கே தெரியாது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது கதை முற்றாக அவருடையதாகிவிட்டது. மகள் துஷானி அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம் ரொறன்ரோவில் கொட்டிய பனி கொஞ்சநஞ்சமல்ல. கார்களெல்லாம் வெள்ளைப் புற்றுகளாகக் கிடந்தன. அப்படியொரு நாளில்தான் இரத்தினவேல் அந்தச் செய்தியோடு வந்தான். இரும்பு வெட்டும் கம்பனியொன்றில் வேலைசெய்பவன். மோர்னிங்சைட் பக்கத்துப் பள்ளத்தாக்கில், ஆற்றோரமாக மான்கள் நிற்கின்றனவாம். பனி நெஞ்சளவு இருப்பதால் அவற்றால் ஓட முடியாதாம். துவக்கால் சுட்டால் சத்தம் கேட்கும், பொலிஸ் வரும். ஈட்டி என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

குஞ்சித்தம்பி முதலில் சட்டத்தைச் சொன்னார். பிறகு நாரிப்பிடிப்பை, குனிய முடியாத இடுப்பைச் சொன்னார். பிறகு, காட்டுக்கு ஒரு முறை இருக்கிறது, கண்டபடி போகக் கூடாது என்றார். சொன்ன ஒவ்வொன்றையும் இரத்தினவேலும் இராசரத்தினமும் அவருடைய தன்னடக்கமென்றே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் இராசரத்தினம், "அண்ணை, நீங்கள் சும்மா வந்து நிண்டாலே போதும், எங்களுக்கு ஒரு தைரியம்," என்றார். அதற்குமேல் மறுப்பதென்றால் உண்மையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்வதைவிட மானைக் கொல்வது இலகு என்று அவருக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வான் வண்டி வந்து நின்றது. பின்சீற்றில் போர்வைக்குள் மூன்று ஈட்டிகள். இரத்தினவேல் கம்பனியிலேயே இரும்புக் குழாயில் கத்தி அலகு வைத்து ஒட்டி, தீட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்ல வேலை. குஞ்சித்தம்பி ஒன்றை எடுத்துப் பாரம் பார்ப்பதுபோல உயர்த்திப் பிடித்தார்.

பள்ளத்தாக்குக்குள் இறங்கியபோது அவர் நினைத்திருந்த வேட்டை எதுவும் அங்கே இருக்கவில்லை. நாயில்லை, துரத்தலில்லை, ஒளிந்திருக்கப் பற்றையில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்மான் நெஞ்சுவரை பனிக்குள் புதைந்து நின்றது. அவர்களைக் கண்டதும் இரண்டு தரம் எம்பிப் பார்த்தது. முடியவில்லை. பிறகு அப்படியே நின்று அவர்களைப் பார்த்தது. மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கட்டிப்போட்ட மாட்டைப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

"அண்ணை, நீங்கள்தான்," என்றார் இராசரத்தினம், இரண்டடி பின்னுக்குப் போய்.

ஈட்டி பிடிப்பது பற்றித் தமையன் சொன்னது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. குஞ்சித்தம்பி கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். ஈட்டி மானின் பின்வயிற்றில் சரிவாக இறங்கியது. அது கத்தியது. மான் அப்படிக் கத்தும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. குழந்தைப்பிள்ளை வீறிடுவதுபோல ஒரு சத்தம். இரத்தினவேலின் ஈட்டி கையைவிட்டு நழுவி விழுந்தது.

"கத்தி," என்று இராசரத்தினம் மெல்லச் சொன்னார். "அண்ணை, கத்தியால முடிச்சுவிடுங்கோ. பாவம் உது."

அவர் கத்தியை உருவிக்கொண்டு போனார். இடுப்பளவு பனிக்குள் நீந்துவதுபோலப் போய், மானின் கழுத்துக்கருகே கையெட்டும் தூரத்தில் விழுந்தார். அதன் மூச்சின் சூடு முகத்தில் பட்டது. கண்ணிமை மயிரில் பனித்தூள் ஒட்டியிருந்தது. கத்தியை எந்த இடத்தில் வைப்பதென்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கை போயிருக்காது. அப்படியே கிடந்தார். மேலே பாதைப் பக்கம் யாருடையதோ நாய் குரைத்தது, ஒரு பெண் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். மற்ற இருவரும் விழுந்த ஈட்டியையும் பொறுக்கிக்கொண்டு மேடேறி ஓடினார்கள். குஞ்சித்தம்பியும் எழும்பி ஓடினார். ஒருதரம் திரும்பிப் பார்த்தபோது, மான் பனியை உடைத்துக்கொண்டு உறைந்த ஆற்றில் ஏறிவிட்டிருந்தது. ஈட்டியின் குழாய் பின்னால் இழுபட்டுக்கொண்டு போனது.

வான் வண்டியிலிருந்து இறங்கும்போது இராசரத்தினம், இது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை துஷானி பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகப் பையைச் சுழற்றி எறிந்தாள். எட்டாம் வகுப்பு. தமிழில் கோபப்படத் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பவள். பள்ளத்தாக்கில் இருந்து ஒரு மான் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து வேலியோடு சாய்ந்துகொண்டு நின்றதாம். வயிற்றில் பெரிய காயம். யன்னலால் எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்களாம், சிலர் அழுதார்களாம். பொலிஸ்காரர் வந்து, திரைச்சீலைகளை இழுத்து மூடச் சொல்லிவிட்டுச் சுட்டார்களாம். குழாயில் ஒட்டிய கத்தியொன்று ஆற்றோரத்தில் கிடந்ததாம். வகுப்பில் ஒருவன் உடனே, தமிழ் காங் கோஷ்டிப் பெடியங்கள்தான் செய்திருப்பார்கள், அவங்களுக்குத்தானே கத்தி, என்றானாம். ரீச்சரும் பேசாமல் இருந்தாவாம்.

"நான் எழும்பி நிண்டு சொன்னன் அப்பா," என்றாள். "என்ர அப்பா ஹன்ரர். காயப்பட்ட மிருகத்த விட்டுட்டு வாறவன் ஹன்ரரே இல்லை எண்டு அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தவர். எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்ய மாட்டினம். அப்பிடியே சொன்னன். எல்லாரும் சைலன்ற்."

குஞ்சித்தம்பி சோற்றைப் பிசைந்த கையோடு இருந்தார். நாகேஸ்வரி அவரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, யாரும் கேட்காமலே ஜக்கெற்றைக் கழுவிப்போட்ட மனிசனை இப்போதுதான் அவள் விளங்கிக்கொண்டாள் போலிருந்தது. தன் சாப்பாட்டுப் பீங்கானை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"மகள்," என்றார் அவர். "அது நான்தான்."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். தாய் குசினி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். துஷானி தன் அறைக்குப் போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அதை மெல்லச் சாத்தினாள்.

இரண்டு நாள் வீட்டில் அவரோடு கதைபேச்சில்லை. மூன்றாம் நாள் காலை அவளே வந்து, பொலிசுக்குப் போவம், நான் வாறன், உங்களுக்கு இங்கிலிஷ் காணாது, என்றாள். இப்படியொரு காரியத்துக்கு மகளையா கூட்டிக்கொண்டு போவது என்று அவர் கூசினார். ஆனால் வேறு யாரைக் கேட்பது? இராசரத்தினத்தையா?

பொலிஸ் நிலையத்தில் நரைத்த மீசைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். காட்டு விலங்குகளுக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து வந்தவராம். ஏசவில்லை, மேசையில் அடிக்கவில்லை. கேள்வியைத் துஷானியிடம் கேட்பார், அவள் தமிழில் சொல்லுவாள், குஞ்சித்தம்பி பதில் சொல்லுவார், அவள் ஆங்கிலத்தில் சொல்லுவாள். எறிந்தேன், விழுந்தேன், ஓடினேன் என்பதெல்லாம் அவளுடைய சின்னக் குரலில் ஆங்கிலமாகிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட யார் வந்தது என்ற கேள்விக்கு, செய்தது நான், மற்றவர்களைக் கேட்க வேண்டாம் என்றார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

துஷானி அதை மொழிபெயர்க்கவில்லை. தானாகவே பதில் சொல்லத் தொடங்கினாள். ஹன்ரர், சிறிலங்கா என்ற சொற்கள் அவருக்குப் பிடிபட்டன.

"என்ன கேட்டவர்?"

"உங்களுக்கு வேட்டையாடிப் பழக்கம் இருக்கோ எண்டு. ஓம் எண்டு சொல்லுறன்."

அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்ல எண்டு சொல்லு மகள். நான் என்ர சீவியத்தில ஒருநாளும் வேட்டையாடினதில்ல."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். மான் விஷயத்தைச் சொன்ன அன்றுகூட அவள் அப்படிப் பார்க்கவில்லை. அதிகாரி பேனையைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். அவள் அதிகாரியிடம் திரும்பி, சொன்னதை மாற்றிச் சொன்னாள். நோ, என்று தொடங்கிய அந்த வசனத்தில் ஒரு சொல்லும் தப்பாமல் அவருக்கு விளங்கியது.

வழக்கு வரும், தகவல் வரும் என்று சொல்லி எழும்பும்போது அதிகாரி இன்னுமொன்று சொன்னார். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி நீளமாகச் சொன்னார். துஷானி தலையை ஆட்டினாள். தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் வந்த 'பேபி' என்ற சொல் அவருக்குக் கேட்டுவிட்டது.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அவள் வேறு சீற்றில் போய் இருப்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"கடைசியா என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை. கடிதம் வருமாம்."

அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடி முழுக்கப் பனிப்புகார். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்சத் தூரம் போனபின் அவள் கேட்டாள். "அப்ப அந்தப் பண்டியக் குத்தினது ஆர்?"

"உன்ர பெரியப்பா. கோணேஸ்வரன்."

"ஹோலில மாட்டியிருக்கிற படத்தில இருக்கிறவரோ?"

"ஓம்."

"நீங்க எங்க நிண்டனீங்க?"

"மரத்தில."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப்பார்த்தாள். அவருக்கு எத்தனை வயது, எப்படிக் கதைப்பார், பயமில்லாதவரா என்றெல்லாம் கேட்டாள். குஞ்சித்தம்பி சொன்னார். மனைவியும் மகளும் வந்ததிலிருந்து தமையனைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததில்லை. திறந்தால் கதையைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும் என்ற பயம். அதையும் அவளிடம் சொல்லத்தான் நினைத்தார்.

மல்வேர்ன் கிட்டியபோது அவள் பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"நான் வகுப்பில எழும்பி நிண்டு சொன்னனான், அப்பா. அதை இப்ப மாத்திச் சொல்லோணும்."

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். அது அவருக்குத் தெரியும்.

"சொல்லு மகள்," என்றார்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போய்வந்து சாப்பிட்டாள், பாடம் படித்தாள். சொன்னாளா, சொன்னபோது யார் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. பாடம் முடித்ததும் அவள் ஹோலுக்கு வந்து, படத்தில் இருந்த பெரியப்பாவைப் பற்றி இன்னுமொன்று கேட்டாள்.