தலைகீழாய்ப் பார்த்த மணிக்கூடு

உட்கார்ந்திருந்த கதிரையோடு சேர்த்துத்தான் அவரைத் தூக்கினார்கள். ஓர்ஸ் ஹில் சரிவில் முன்னால் மருமகன் டொமினிக், பின்னால் கடைக்கார ஜமால்தீன். அப்பாவின் தலை ஆடாமல் பிடித்தபடி அருள்மலர் பக்கத்தில் நடந்தாள். டாக்குத்தர் கைவிட்டுவிட்டார். லண்டனில் இருக்கும் மகன் மைக்கலின் குரலைக் கேட்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அப்பா கிறிஸ்தோபர்தான் பிடிவாதமாய் இருந்தார். ஐந்து மணிக்கு ஜமால்தீன் கடைத் தொலைபேசிக்கு அவன் எடுப்பான்.

நேரம் குறித்ததும் அப்பாதான். வெள்ளைக்காரனின் கடற்படைத்தளத்தில் வேலை செய்த காலத்தில் பழகிய வித்தை அது. கைமணிக்கூட்டைத் தலைகீழாய்ப் பிடித்தால் லண்டன் நேரம். மகன் போன நாள் முதல் அதைத் திருப்பிப் பார்ப்பதே அவருக்கு வேலை. "இப்பதான் எழும்பியிருப்பான்" என்பார். இங்கே மாலை ஐந்து, அங்கே காலை பதினொன்றரை. அருள்மலர் அப்படியே தந்தி அடித்தாள்: ஞாயிறு, உன் நேரம் பதினொன்றரை.

நாலு மணிக்கே ஒருமுறை கடைக்கு வந்து பார்த்தாள். ஜமால்தீன் தொழுகைக்குப் போயிருந்தார். பூட்டிய கதவுக்குள்ளே தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரோ வியாபாரிக்கு அவசரமாக்கும் என்று திரும்பிவிட்டாள்.

இப்போது ஐந்தும் கடந்துவிட்டது. தொலைபேசி ஊமையாய்க் கிடந்தது.

"அடிக்குமோ பிள்ளை?"

"அடிக்கும் அப்பா. கொழும்பில லைன் கிடைக்கேல்லப் போல."

அவர் மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகும் பார்த்தார். அதன்பிறகு கை மடியில் விழுந்தது, எழும்பவில்லை.

ஜமால்தீன் மெல்ல அவர் கண்களை மூடினார். திரும்பத் தூக்குவதற்காக டொமினிக் குனிந்தபோது தொலைபேசி அடித்தது.

"அக்கா! எத்தினை தரம் அடிச்சனான், ஒருத்தரும் எடுக்கேல்ல. திரும்ப லைன் கிடைக்க இவ்வளவு நேரம்."

"அஞ்சு மணியிலயிருந்து இஞ்சதானேடா இருக்கிறம்."

"ஐயோ அக்கா, இண்டைக்கு விடியத்தான் இஞ்ச மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள். கோடைக்கு வருசா வருசம் தள்ளுறவங்கள். நான் எடுக்கேக்க அங்க நாலு மணியா இருந்திருக்கும்."

அருள்மலருக்கு, நாலு மணிக்கு அடித்ததைக் கேட்ட தன் காதுகளைப் பிய்த்து எறியவேண்டும் போலிருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு கோடையிலும் அப்பா அவனைப் பிந்தித்தான் எழுப்பியிருக்கிறார்.

"அப்பாட்டக் குடுங்கோ அக்கா."

"ஏலாதடா" என்றாள்.

வீட்டில் உடம்பைத் துடைத்துக் கோட்டுப் போடும்போது டொமினிக் கேட்டான்: "மணிக்கூட்டைக் கழட்டி வைக்கட்டே?"

"இஞ்ச தாங்கோ."

அவள் மணிக்கூட்டின் சாவியை இழுத்து முள்ளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினாள். பிறகு அப்பாவின் கையை எடுத்து, மணிக்கூட்டைத் தலைகீழாய்க் கட்டிவிட்டாள்.