மணி அடிக்காத நேரம்

...கோலா கொட்டையை வாங்கியாயிற்று, அதை வாங்கினாலே வாக்குக் கொடுத்த மாதிரி, பிளந்து வீட்டில் எல்லார் கையிலும் ஒரு துண்டு கொடுத்தாயிற்று, இனி யோசிக்க என்ன இருக்கிறது, எங்கள் ஓட்டு ஃபோடே குஜாபிக்கு என்று ஊருக்கே தெரியும், பிறகு ஏன் இந்த ஓட்டு மறைப்புக்குள், சீட்டுக்குப் பதில் கொடுத்த கோலிக்குண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்? இரண்டே தகரப் பீப்பாய்கள். செம்மண் நிறத்தில் ஃபோடேயின் படம், சிரிக்கத் தெரியாத முகம். ஊதா நிறத்தில் சைக்கூ ஜாடாமா, பல்லெல்லாம் தெரிய. குண்டைப் போட்டால் உள்ளே மணி ஒரு தரம் அடிக்கும், வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும், யாரும் இரண்டு போட்டுவிடக் கூடாதென்று அந்த ஏற்பாடு... ஆனால் மணி அடிக்காமலிருப்பதும் கேட்குமே, மரோங் வீட்டுப் பெரியவன் தடுமாறுகிறான் என்று.

நாட்டை ஆள வாய் போதுமா? உப்புத்தண்ணீர் எங்கள் நெல்வயலில் ஏறிய வருடம் இடுப்பளவு சேற்றில் நின்று கரை போட வைத்தவர் ஃபோடே, மூன்று அமைச்சகங்களைப் பார்த்தவர், கை சுத்தம். சைக்கூ வானொலியில் பேசிப் பிழைத்தவன், ஒரு வாய்க்கால் வெட்டியதில்லை. இதில் என்ன சந்தேகம்... கடல் எங்கள் மகனை பிழைப்புத் தேடி ஸ்பெயின் போகும் படகோடு கொண்டுபோன செய்தி வந்தபோது ஃபோடே வந்தார், பாயில் உட்கார்ந்தார், ஒரு வார்த்தையில்லை, எழும்போது கரையின் மதகு ஒழுகுகிறதா என்று கேட்டார். கண்ணியமான மனிதர் என்று அன்று நினைத்தேன். அன்றிலிருந்து என் மனைவி நீமாவும் பேசவில்லை. சோறு வைப்பாள், போவாள், அவ்வளவுதான். போன மாதம் சந்தைத் திடலில் அந்த சைக்கூ மேடையேறி, "ஃபமாரா மரோங்! இங்க பொறந்த பிள்ளை! அவனைக் கடல் கொண்டுபோகல, நாமதான் அனுப்பி வச்சோம்!" என்று கத்தினான். யாரோ எழுதிக் கொடுத்த பெயர், எல்லா ஊரிலும் இப்படி ஒரு பெயர் வைத்திருப்பான், எனக்குத் தெரியாதா... ஆனால் என் பக்கத்தில் நின்ற நீமா வாய்விட்டு அழுதாள். அன்று மாலை, "மீன்ல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

வெளியே தூமானியின் குரல், எங்கள் குலத்தைக் கேலி செய்யப் பிறப்பிலேயே உரிமை வாங்கிய குலத்துக்காரன். "என்ன பெரியவரே, மணியைக் காணோம்? குண்டை முழுங்கிட்டீங்களா? உங்க குலத்துக்குத்தான் எதைக் கண்டாலும் திங்கணுமே!" வரிசை சிரித்தது. சிரிக்கட்டும்... என் அப்பா கொடுத்த வாக்கை மாற்றியதில்லை, நானும் மாற்றப்போவதில்லை. செம்மண் பீப்பாயில் போட்டேன். மணி அடித்தது. நெஞ்சில் ஒரு நிம்மதியும் இல்லை.

வாசலில் நீமா, அடுத்தது அவள், விரலில் மை ஈரமாக இருந்தது, கையில் குண்டு.

"வாக்கைக் காப்பாத்திட்டீங்க, இல்ல?"

"ம்."

"நல்ல மனுஷன்தான் ஃபோடே. நம்ம பிள்ளை பேரு தெரியுமா அவருக்கு?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். தெரியாமல் என்ன, எத்தனை வருடப் பழக்கம், ஒரு தரமாவது நான் சொல்லியிருக்க மாட்டேனா... சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தேன். அந்தப் பெயர் வரவில்லை. செய்தி வந்த நாளிலிருந்து அவள் காது கேட்க யார் அதைச் சொன்னார்கள், நான் சொன்னேனா? தூமானி ஏதோ கேலி பேசுகிறான், காதில் ஏறவில்லை. உள்ளே இன்னும் மணி அடிக்கவில்லை...