கருந்தேன், மாத்திரை, அப்புறம் டீ

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எகிப்தில், நைல் கரையில் இருக்கும் எங்கள் மல்லவி ஊரில் ஒரு மருத்துவமனைச் சுவரில் ஒட்ட, ‘தாதுச்சத்து: உணவிலா, மாத்திரையிலா?’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். “இரும்புச்சத்து நம் உடலுக்கு மிகவும்” என்பது வரை எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அப்போது கீழ்வீட்டில் சண்டை ஆரம்பித்தது. பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒட்டுக்கேட்காமல் கதை எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் மகான்கள்.

2

முதல் தொடக்கம்: “நைல் நதி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.” (அடித்துவிட்டேன். அது எப்போதும்தான் ஓடுகிறது.)

இரண்டாவது: கீழ்வீட்டு மருமகள் இன்ஸாஃபுக்கு ரத்தம் போதவில்லை.

இது இருக்கட்டும். போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரும்பாடு. இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள். பிரசவத்துக்குள் ரத்தம் ஏறியாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்குப் பயம். வெறும் பயம். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3

மாமியார் ஹமீதாவின் பிறந்த வீடு கரும்பு ஆலை வீடு. கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கருந்தேன் என்ற கரும்பாகு எடுப்பவர்கள். அவளைப் பொறுத்தவரை கருந்தேன் தீர்க்காத நோய் இன்னும் உலகத்துக்கு வரவில்லை. அவள் மகள் ஷஹீராவுக்கு மருந்துக்கடையில் வேலை. இனி நான் சும்மா இருக்கிறேன், அவர்களே பேசட்டும்.

“கருந்தேன்ல எள்ளு விழுதக் குழச்சு, ரொட்டியத் தொட்டு அடிச்சா ரத்தம் தானா ஊறும். உன் அண்ணன் என்ன, மாத்திரை தின்னா பொறந்தான்?”

“அதான் அப்படி இருக்கான்.”

“வாயைக் கழுவுடி.”

“உம்மா, உன் பாகுல எவ்வளவு இரும்பு இருக்குன்னு அந்தக் கரும்புக்கே தெரியாது. மாத்திரை அட்டையில அச்சடிச்சே இருக்கு.”

“அச்சடிச்சதெல்லாம் உள்ள இருக்குமாக்கும்! அப்ப தேர்தல் நோட்டீஸத் தின்னே ஊரு கொழுத்திருக்கணுமே.”

இன்ஸாஃப் யாரையும் பகைக்கவில்லை. இரண்டையும் விழுங்கினாள். வயிறு கல்லாய்க் கட்டியது. ரத்தம் மட்டும் ஏறவில்லை. மாத்திரைதான் தேனைக் கெடுத்தது என்றாள் மாமியார். தேன்தான் மாத்திரையைக் கெடுத்தது என்றாள் நாத்தனார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஷஹீராவைப் படித்த திமிர் பிடித்தவளாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் போன பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதவள் அவள். அதனால் திமிரைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.)

4

மூவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார்.

“சாப்பிட்டதும் என்ன குடிக்கிறே?”

“டீ” என்றார்கள் மூவரும் ஒரே குரலில். சாப்பிட்டுவிட்டு வேறு என்ன குடிப்பார்கள்?

“மாத்திரை போட்டதும்?”

“டீயிலதான் முழுங்குவேன்.”

“அட என் தாயே! நீங்க ஊட்டுற இரும்ப எல்லாம் அந்த டீயே பிடிச்சு வெளிய தள்ளுது. தேனும் சாப்பிடட்டும், மாத்திரையும் போடட்டும். டீ மட்டும் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான்.”

கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பாருங்கள், எனக்கும் விவரம் போதாது.

5

வீடு திரும்பிய தாயும் மகளும் வாழ்நாளில் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள்.

“டீயாம்ல, டீ! அவ எந்த ஊர்க்காரி?”

“அதான உம்மா. நம்ம டீ என்ன பாவம் பண்ணுச்சு?”

ஹமீதாவின் டீயை நீங்கள் குடித்ததில்லை. கரேலென்று கொதித்து, பாதி கிளாஸ் சர்க்கரையோடு, கடைசிக் கவளம் தொண்டையில் இறங்குமுன் தட்டில் வந்து நிற்கும். அதை வேண்டாம் என்பது அவள் முகத்தில் அறைவது போல. ஷஹீராவைப் பெண் பார்க்க வந்த ஒருவன் வயிற்றெரிச்சல் என்று டீயைத் தள்ளினான். இப்போது வேறு ஒருத்திக்குப் புருஷனாக இருக்கிறான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. இன்ஸாஃப் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினாள். கிளாஸ் வந்தது.

6

முடிவு அ: யாரும் பார்க்காதபோது பூந்தொட்டியில் ஊற்றிவிட்டாள். (அந்த வீட்டில் பூந்தொட்டி இல்லை. போய்ப் பார்த்துவிட்டேன்.)

முடிவு ஆ: கணவன் எழுந்து, “உம்மா, அவளுக்கு வேண்டாம்” என்று (இந்த வாக்கியத்தை முடிக்க அவனே ஒத்துழைக்கவில்லை.)

முடிவு இ: குடித்தாள்.

 நடக்கக்கூடியது இதுதான். அதனால்தான் எனக்கு ஆத்திரம். கிழித்துப் போட்டேன்.

முடிவு ஈ: இன்ஸாஃப் கிளாஸைத் தொடவில்லை.

“வேண்டாம் மாமி.”

“என்னது?”

“இப்ப வேண்டாம். என் புள்ளைய வளர்க்க நான் இருக்கணும் மாமி. எனக்குப் பயமா இருக்கு.”

ஷஹீரா தலை குனிந்துகொண்டாள். ஹமீதா தட்டோடு நின்றாள். அவள் வாய் திறக்கிறது.

அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஒருத்தி, ஒரு தடவையாவது, நீங்கள் கையால் கொடுத்ததை வேண்டாம் என்றிருப்பாள். அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.