சரளா ஓடிய ஒரு விநாடி

சரளா ஓடுவதைப் பார்க்காத ஆள் அந்த ரப்பர் தோட்டத்தில் ஒருவர்தான் உண்டு. அது சரளாவேதான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்கள் கூடி நடத்திய போட்டிகளில் மூன்று வருஷம் அவளை அடிக்க ஆளில்லை. கேமரா வைத்திருந்தவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மட்டும். பாவம், மனுஷர் பொத்தானை அமுக்குவதற்குள் அவள் போய்விடுவாள். படத்தில் வெறும் மைதானம்தான் விழும்.

இப்போது அவள் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருக்கிறாள். லாரி இடித்து முட்டி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எல்லாரும் பார்த்தீர்கள், நான்தான் பார்க்கவில்லை என்று தீபாவளிக்குத் தீபாவளி சிரித்துக்கொண்டே சொல்வாள். தங்கை கலாதேவிக்கு ஈப்போவில், ஒரு பழைய கடைவீட்டு மாடியில், கையால் கார்ட்டூன் படம் வரையும் வேலை. போன தீபாவளிக்கு அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். நான் வரைந்து காட்டுகிறேன் என்றாள்.

பாசம் வந்தால் தொழில் மறந்துபோகும் போலிருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் அக்காவின் முகம், மஞ்சள் ரிப்பன், விரல் நகம்வரை வரைந்தாள். ஒரு எட்டு வைப்பதற்கே நாற்பது தாள். தாள் கூடக் கூட ஓட்டம் மெதுவாகும். எல்லாவற்றையும் கோத்து, அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய் டேப்லெட்டில் ஓடவிட்டபோது, பாதம் மண்ணைவிட்டு எழுந்து காற்றிலேயே தங்கியது. ரிப்பன் ஆடி அசைந்து இறங்கியது. தண்ணீருக்குள் நடப்பதுபோல் அந்தப் பெண் போய்க்கொண்டே இருந்தாள்.

"அழகா இருக்குலா," என்றாள் சரளா. "எனக்கும் இப்படித்தான் ஞாபகம். ஓடுறப்ப எல்லாமே மெதுவாத்தான் இருக்கும். அப்ப நீங்க எல்லாம் சும்மா பேச்சுக்குத்தான் வேகம்னு சொல்லியிருக்கீங்க."

கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அக்காவிடம் மிச்சமிருந்த ஒரே பெருமையையும் தன் கையாலேயே அழித்துவிட்டோமே என்று நினைத்தபடி கலாதேவி டேப்லெட்டைப் பைக்குள் வைத்தாள்.

ஈப்போவுக்குத் திரும்பும் பஸ்ஸில் தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டாள். வழியில் தப்பிப் பிழைத்த ஒரு ரப்பர் காடு வந்தது. மர நிரைகளுக்கு அந்தப் பக்கம் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் போனான். இந்த மரத்தருகே தெரிந்தான், அந்த மரத்தருகே தெரிந்தான், நடுவில் ஆளையே காணோம். வெயில் விட்டுவிட்டு அடித்தது. கண் சொருகியது. பத்து வயதில், அக்கா ஓடிப் பழகும்போது இவள் இப்படித்தான் நிரையோரம் காத்திருப்பாள். மஞ்சளாய் ஏதோ போகும், அவ்வளவுதான். முகத்தை எங்கே பார்த்தாள்? பார்க்காததையெல்லாம் அல்லவா வரைந்து வைத்திருக்கிறாள்.

மறுநாள் நாற்பது தாளில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டாள். நடுவில் புதிதாக ஒன்று வரைந்தாள். ரொட்டி சானாய் மாவுபோல் இழுத்த முகம், மூன்று கால், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம்வரை மஞ்சள் கோடு. பக்கத்து மேசை தனேஸ்வரன் எட்டிப் பார்த்து, இது என்ன பேயா என்று கேட்டான். எங்கள் அக்கா என்றாள். படத்தில் அக்கா ஓடிப்போன பிறகு காலி வழியில் ஒரு சருகு எழும்பி அடங்கியது. ஒரு நாய் தாமதமாகத் தலையைத் திருப்பியது.

ஞாயிற்றுக்கிழமை சரளா அதைப் பார்த்தாள். தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இன்னொரு தடவை என்றாள். ஏழாவது தடவைக்கு அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நெசமாவே இப்படியா போனேன்?"

"இதுல இன்னும் ஒரு தாள் குறைச்சா நீ தெரியவே மாட்டேக்கா."

சரளா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, பழசையும் போடு என்றாள். அது தப்பாக வரைந்தது, தூக்கிப் போடப் போகிறேன் என்றாள் கலாதேவி.

"தப்பில்லலா. இது நீங்க பார்த்தது. அது நான் ஓடுனது."

டேப்லெட்டை முட்டி போன காலின்மேல் வைத்துக்கொண்டு, காற்றில் தங்கிய அந்தப் பாதம் தரைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.