வலப்பக்கம் மேலே

மரப்பலகையில் அச்சுப்படம் செதுக்கும் கன்ரோக்கு, மனைவியை அடிக்கக் காரணம் தேடுகிற ஆள் இல்லை. அன்று அவள் காய்ச்சிய பசை கொஞ்சம் நீர்த்துவிட்டது, அவ்வளவுதான். விட்ட குத்தில் ஒத்தோசேயின் இடக்கண் வீங்கி மூடிக்கொண்டது.

"மூதேவி! ஒட்டித் தொலை. புத்தாண்டு வாசல்ல வந்து நிக்குது!"

மாளிகைப் பிரபு தன் நோயாளி மனைவிக்காகச் சொல்லியிருந்த படம் அது. பனியில் குனிந்து இளங்கீரை பறிக்கும் பெண்ணுக்கு அந்த அம்மாளின் முகம். வருடத்தின் ஏழாம் நாள் கீரைக் கஞ்சி குடித்தால் ஆயுசு கெட்டி அல்லவா!

வரைந்த தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டினால்தான் அச்சு நேராக விழும். ஒற்றைக் கண்ணோடு அவள் நிமிர்த்தி ஒட்டிவிட்டாள். குடிவெறியில் அவன் அப்படியே செதுக்கினான். படம் இடம் வலம் மாறி விழுந்ததை அச்சடித்தவனும் அவசரத்தில் கவனிக்கவில்லை.

ஏழாம் நாள் காலை, ஒத்தோசே கீரை நறுக்கிக்கொண்டிருந்தபோது கதவு உடைந்து விழுந்தது. பிரபுவின் வாள்வீரன் இசோகாய் இரண்டு ஆட்களோடு நுழைந்து, படத்தைக் கன்ரோக்குவின் மூஞ்சியில் வீசினான்.

"பாருடா! உடுப்புல வலப்பக்கம் மேல வந்திருக்கு. பொணத்துக்குத்தானேடா அப்படி உடுத்துவாங்க? எசமானியம்மா பாத்ததும் மயங்கி விழுந்தவங்க, இன்னும் கண்ணு தொறக்கல. எவன் ஒட்டினது?"

ஒத்தோசே தன் தலை போகப்போகிறது என்றே நினைத்தாள்.

"இவதான்யா! இந்தக் கழுதைதான்!" என்று கை நீட்டினான் அந்தப் பாவி.

இசோகாய் சிரித்தான். "படம் சொல்ல வந்த அன்னிக்கு என்ன பீத்திக்கிட்ட? 'பொண்டாட்டி நிழல்கூட என் பலகையில படாது'ன்னு! இப்ப அவளா?" அவள் பக்கம் திரும்பினான். "நீ சொல்லும்மா. தொட்டியா?"

கன்ரோக்கு அவளைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவளுடைய இடக்கண்ணுக்கு அவன் இன்னும் மங்கலாகத்தான் தெரிந்தான்.

"ஐயோ, என்னைத் தொட விடுவாருங்களா? எல்லாம் அவரு கைதானுங்க."

அவனுடைய வலக்கையை அவன் பலகையிலேயே வைத்து, அவன் உளி அடிக்கும் கொட்டாப்புளியாலேயே அடித்தார்கள். விரல் விரலாக நொறுக்கினார்கள். தெரு முழுக்க அன்று வீட்டுக்கு வீடு கீரை கொத்தும் சத்தம். இந்தக் கொட்டாப்புளிச் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. அவன் அலறலைக் கேட்டவர்களும் வழக்கம்போல எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் ஒத்தோசே மிச்சக் கீரையை நறுக்கிக் கஞ்சி வைத்தாள். கிண்ணத்தைப் பிடிக்க அவனுக்குக் கை ஏது? ஊதி ஊதி அவளே ஊட்டினாள்.

"குடிங்க," என்றாள். "ஆயுசு கெட்டி."